கோழி கோழியைக் கொத்தினால்...



கொட்டாஞ்சேனையில் இருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். பின் வளவில் எட்டுப் பேடு வளர்க்கிறாராம். முட்டையிடத் தொடங்கி இரண்டு வாரம் ஆகவில்லை, ஒன்றின் முதுகு மொட்டையாகிவிட்டது. இன்னொன்று பின்பக்கம் குதறப்பட்டுக் காலையில் செத்துக் கிடந்தது. "கண்ணூறாக இருக்குமோ?" என்று கேட்கிறார். அதற்கு முன் கூட்டை ஒருமுறை நன்றாகப் பாருங்கள், சகோதரி.

2022இல் தீன் தட்டுப்பாடு வந்து, 2023இல் இந்தியாவில் இருந்து முட்டை இறக்கிய நாட்டில் இருக்கிறோம். வீட்டில் நாலு பேடு நிற்பது நல்லதுதான். அதனால்தான் இந்த நஷ்டம் மனதை வருத்துகிறது.

தலையில் ஒரு கொத்துக் கொத்தி "நான் பெரியவள்" என்று காட்டுவது கோழிகளின் வழமை. அதைப் பெரிதுபடுத்த வேண்டாம். இறகைப் பிடுங்கித் தின்பதுதான் கவலைக்குரியது. இறகு போன இடத்தில் இரத்தம் கசிந்தால் எல்லாக் கோழியும் அங்கேதான் கொத்தும். ஒன்றைப் பார்த்து மற்றது பழகிவிடும்.

பின்பக்கம் கொத்துவதற்குத் தனிக் காரணம் உண்டு. முட்டையிட்ட கையோடு பேட்டின் முட்டை வாசல் சிறிது நேரம் சிவந்து வெளியே தெரியும். வெளிச்சமான திறந்த இடத்தில் முட்டையிட்டால் மற்றவை அதைக் கண்டு கொத்தும். ஆகவே நாலு பேட்டுக்கு ஒன்று வீதம் இருட்டான முட்டைப் பெட்டி வையுங்கள். பழைய மரப்பெட்டிக்கு வைக்கோல் போட்டு, முன்னால் ஒரு சாக்குத் துண்டைத் தொங்கவிட்டாலும் போதும். இந்தக் கடிதத்தில் பெட்டி பற்றி ஒரு வார்த்தையும் இல்லை!

வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை வீடுகளில் இடம் குறைவு. அடைத்து வைப்பதானால் ஒரு பேட்டுக்குக் குறைந்தது 2 சதுர அடி, 3 இருந்தால் நிம்மதி. மேலே வெறும் தகரம் என்றால் சித்திரை வெயிலில் கூடு அடுப்புத்தான். கோழிக்கு வியர்க்காது, எரிச்சல்தான் வரும். தகரத்தின் மேல் தென்னோலை போடுங்கள், தண்ணீரை அடிக்கடி மாற்றுங்கள். கூட்டில் மின்குமிழ் போட்டிருந்தால் அது மங்கலாக இருக்கட்டும். கண்ணைக் கூசும் வெளிச்சம் கொத்தலைக் கூட்டும்.

தீன் விஷயத்தில்தான் நாம் அதிகம் ஏமாறுகிறோம். தவிடும் தேங்காய்ப் புண்ணாக்கும் மீந்த சோறும் வயிற்றை நிரப்பும். ஆனால் இறகு முளைக்க வேண்டிய புரதச் சத்து அவற்றில் போதாது. இறகே பெரும்பாலும் புரதம்தான். முட்டைக் கோழிக்கான கடைத் தீனைப் பிரதானமாகக் கொடுத்து, மிச்சம் மீதியைக் கொஞ்சமாகச் சேருங்கள். மீன் தலையை அவித்துப் போடலாம். கருவாட்டுத் தலை என்றால் ஊறவைத்துக் கழுவியே போடுங்கள். உப்பு குறைந்தாலும் கொத்தும், கூடினால் உயிருக்கே ஆபத்து.

சும்மா நிற்கும் கோழிதான் அடுத்ததன் இறகில் வாய் வைக்கும். கங்குன், பொன்னாங்கண்ணிக் கட்டைக் கயிற்றில் கட்டித் தலை உயரத்துக்குத் தொங்கவிடுங்கள். தரையில் உமியோ மரத்தூளோ பரப்பி அதில் கொஞ்சம் தானியத்தை எறிந்தால் நாள் முழுக்கக் கிளறும். ஒரு மூலையில் காய்ந்த மண்ணும் அடுப்புச் சாம்பலும் இருந்தால் குளிக்கும், பேனும் குறையும். இரவில் டோர்ச் அடித்துச் சட்டங்களின் வெடிப்பில் உண்ணி இருக்கிறதா என்றும் பாருங்கள்.

சூடான தகட்டால் சொண்டை வெட்டச் சிலர் சொல்வார்கள். சொண்டில் நரம்பு இருக்கிறது, வலிக்கும். நோர்வே, சுவீடன், பின்லாந்து நாடுகளில் இது தடை. எட்டுக் கோழிக்கு இது தேவையே இல்லை.

காயப்பட்டதை அன்றே பிரித்தெடுங்கள். உப்புக் கலந்த கொதித்தாறிய நீரால் கழுவி, மஞ்சளை வேப்பெண்ணெயில் குழைத்துப் பூசுங்கள். கசப்பால் மற்றவை தொடா. காயம் ஆழமென்றால் மிருக வைத்தியரிடம் காட்டுங்கள். பிழைக்காது என்று கண்டால் உயிருள்ள போதே முறைப்படி அறுத்துவிட வேண்டும். செத்தபின் அது சட்டிக்கு ஆகாது.

கொத்தும் பேடு எது என்று ஒரு மணி நேரம் இருந்து பாருங்கள். பெரும்பாலும் ஒன்றிரண்டுதான் இருக்கும். அதைப் பிரித்து ஒரு வாரம் வையுங்கள். ஆறிய பேட்டைத் திருப்பி விடும்போது பகலில் விடாமல், மற்றவை அடைந்த பின் இருட்டில் கூட்டுச் சட்டத்தில் ஏற்றிவிடுங்கள்.