கப்ளரை வெட்டாதீர்கள்

உடுவில், இணுவில், சுன்னாகம், மருதனார்மடம் பக்கத்து உறவுகளே, பதிவு கொஞ்சம் நீளம். வாகனம் வைத்திருப்பவர்களும் பிள்ளைகளை வானில் பள்ளிக்கு அனுப்புகிறவர்களும் கடைசிவரை வாசியுங்கள்.

எங்கள் வீதிகளில் ஓடும் கார், வான்களில் பெரும்பகுதி ஜப்பானில் ஓடிவிட்டு இங்கு வந்தவை. அவற்றோடு வரும் செற்றும் ஜப்பானுக்கென்று செய்ததுதான். அங்கே எஃப்.எம். 76 மெகாஹேர்ட்ஸில் தொடங்கி 90இல் முடிந்தது. பிறகு 95 வரை நீட்டினார்கள். எங்கள் நிலையங்களோ 88இலிருந்து 108 வரை பரந்து கிடக்கின்றன. ஆகவே முக்கால்வாசி நிலையம் பிடிக்காது, திரையில் ஜப்பான் எழுத்து வேறு. செற்றை மாற்ற வேண்டும் என்று நினைப்பது நியாயம்தான். எங்கள் சண்டை மாற்றுகிற விதத்தோடு.

என்ன நடக்கிறது? டாஷ்போர்டைக் கழற்றுகிறார்கள். செற்றின் பின்னால் கம்பனி போட்ட பிளாஸ்டிக் கப்ளர்கள் இருக்கும். அவற்றைக் கட்டரால் வெட்டி எறிகிறார்கள். வயரைப் பல்லால் உரித்து, முறுக்கி, ரேப் சுற்றி உள்ளே தள்ளிவிடுகிறார்கள். அரை மணித்தியாலத்தில் பாட்டு வந்துவிடும். வெயிலில் நிற்கும் காரின் டாஷ்போர்டுக்குள் அந்த ரேப்பின் பசை இளகும், ரேப் வழுகும். பிறகு வெறும் செப்புக் கம்பிகள் இரும்புக்குப் பக்கத்தில் ஆடிக்கொண்டிருக்கும்.

இதற்கு வெட்டவே தேவையில்லை. ஒரு முனை வாகனத்தின் கப்ளரில் பொருந்தவும் மறுமுனை புதிய செற்றில் பொருந்தவும் செய்த இணைப்பு வயர் கடைகளில் கிடைக்கிறது. ரொயோட்டாவுக்கு 10 பின்னும் 6 பின்னும் கொண்ட சோடி, மற்ற வாகனங்களுக்கு வேறு வேறு. செற்றின் விலையோடு பார்த்தால் இது சின்னக் காசு. நாளைக்குப் பழைய செற்றைத் திரும்பப் பூட்ட வேண்டுமென்றால் கொழுவினால் போதும். ஆனாலும் ஆயிரக்கணக்கில் செற்றுக்குக் கொடுக்கிற நாங்கள் இந்த வயருக்கு வந்ததும் "அது வேண்டாம், நேரா அடிச்சு விடுங்கோ" என்கிறோம்.

நேராக அடிப்பதால் வரும் கேடுகளைச் சொல்கிறோம்.

புதிய செற்றில் மஞ்சள் வயர் எப்போதும் பற்றரியில் நிற்க வேண்டியது, நினைவைக் காப்பதற்கு. சிவப்பு, திறப்பைத் திருப்பும்போது மட்டும் கரண்ட் வர வேண்டியது. திறப்பில்லாமலும் பாட்டு கேட்கலாம் என்று இரண்டையும் ஒன்றாக முறுக்கிப் பற்றரியில் கொடுத்துவிடுகிறார்கள். செற் முழுதாக உறங்குவதே இல்லை. காலையில் வான் ஸ்டார்ட் ஆகாது. சாரதி பற்றரிக்காரனைத் திட்டுவார்.

ஸ்பீக்கருக்குப் போகும் இரண்டு வயரிலும் ஒலி ஓடுகிறது. இரண்டிலும் ஏறக்குறைய 6 வோல்ட் நிற்கும். மைனஸ் என்ற பெயர் இருந்தாலும் அது பொடி எர்த் அல்ல. வயர் மிச்சம் பிடிக்க எல்லா மைனஸையும் சேர்த்துப் பொடியில் கட்டினால் செற்றுக்குள் இருக்கும் அம்ப் ஐ.சி. போய்விடும். பிறகு "சைனா சாமான், அப்பிடித்தான்" என்று கேட்டுக்கொண்டு வருகிறோம்.

பெட்டியில் 50 வாட் தரம் நான்கு என்று போட்டிருக்கும். 14.4 வோல்ட்டில் 4 ஓம் ஸ்பீக்கருக்கு ஒழுங்கான ஒலியாகக் கொடுக்கக்கூடியது கணக்குப்படியே 26 வாட்டைத் தாண்டாது. சாதாரண தரப் பரீட்சைக்குப் படித்த பிள்ளை போட்டுப் பார்க்கக்கூடிய கணக்கு இது. அந்த 50ஐ நம்பி, சத்தம் போதாதென்று தனி அம்ப் பூட்டுகிறோம். பெரிய ஆபத்து அங்கேதான். பற்றரியிலிருந்து வரும் தடித்த வயருக்குப் பியூஸ் பற்றரிக்குப் பக்கத்தில், ஒன்றரை அடிக்குள் இருக்க வேண்டும். பியூஸ் காப்பது அம்பை அல்ல, வயரை. எஞ்சின் பக்கத்துத் தகட்டு ஓட்டையில் ரப்பர் வளையம் இல்லாமல் போகும் வயர் உரசி உரசித் தோல் கிழிந்தால், அம்புக்குப் பக்கத்தில் இருக்கும் பியூஸ் ஒன்றும் செய்யாது. வயர் பழுக்கும். அதற்குமேல் சீற் இருக்கிறது, சீற்றில் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

வாகனம் ஓர் அமானிதம். அதற்குள் ஏற்றும் பிறர் பிள்ளைகள் அதைவிடப் பெரிய அமானிதம்.

"இங்க நல்ல பாஸ்மார் இல்லை" என்று ஒரு பேச்சு. அதை நாங்கள் ஏற்கமாட்டோம். மின்சாரமும் பற்றரியும் இல்லாத தொண்ணூறுகளில் சைக்கிள் டைனமோவில் ரேடியோ கேட்ட மண் இது. அந்த ஆண்டுகளில் எங்கள் சனம் வெளியேற்றப்பட்டுப் புத்தளத்தில் இருந்தது. இங்கிருந்த நண்பர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறோம். கைவேலைக்கு இங்கே ஒருபோதும் பஞ்சமில்லை. கப்ளர் பூட்டத் தெரிந்த பெடியள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். "கெதியா முடிச்சுத் தாங்கோ, விலையைக் குறையுங்கோ" என்று நெருக்கி அவர்கள் கையில் கட்டரைக் கொடுத்தவர்கள் நாங்கள்தான். ஒழுங்காகச் செய்கிறவன் ஒரு மணித்தியாலம் கூடக் கேட்டால் அடுத்த கடைக்குப் போகிறோம். பிறகு எப்படி நல்ல வேலை நிற்கும்?

இன்னொன்றும் யோசியுங்கள். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றது. தனியார் வாகனங்களுக்குத் திரும்பத் திறந்தது 2025 தொடக்கத்தில். இந்த ஐந்து வருடத்தில் ஒரே கார் மூன்று, நான்கு கை மாறியது. ஒருவர் வெட்டிய வயரை அடுத்தவர் விலை கொடுத்து வாங்கினார், அவர் இன்னொரு முறுக்கு முறுக்கினார். இப்போது வாங்குகிறவருக்கு எந்த வயர் எங்கே போகிறதென்று யாரும் சொல்ல முடியாது.

ஆகவே திறப்பைக் கொடுக்க முன் நான்கு கேள்வி கேளுங்கள். கப்ளர் வயர் போடுவீர்களா? மஞ்சளும் சிவப்பும் தனித்தனியாகப் போகுமா? ஸ்பீக்கர் வயர் எதுவும் பொடியில் படாதுதானே? அம்ப் என்றால் பியூஸ் எங்கே? வேலை முடிந்ததும் டாஷ்போர்டை மூட முன் உள்ளே எட்டிப் பாருங்கள், போனில் ஒரு படம் எடுத்து வையுங்கள். பள்ளி வானில் பிள்ளையை அனுப்பும் பெற்றோரும் சாரதி அண்ணையிடம் இதைக் கேட்கலாம். கோபிக்கமாட்டார். அவர் பிள்ளையும் அதே வானில்தான் வருகிறது.

ஒழுங்காகக் கப்ளர் போட்டு வேலை செய்யும் கடை உங்களுக்குத் தெரிந்தால் கீழே எழுதுங்கள். அவர்களுக்கு நாலு வேலை கூடக் கிடைக்கட்டும்.