ஆவாரம்பூவுக்கு நிழல் தேடுங்கள்

"ஊரில் புஞ்சை தரிசாகக் கிடக்கிறது. வந்த விலைக்கு விற்றுவிடலாமா?" பட்டணத்துக்குக் குடிவந்த வீடுகளில் அடிக்கடி எழும் பேச்சு இது. உங்கள் புஞ்சை கூடங்குளம், ராதாபுரம் பக்கமாக இருந்தால், விற்கும் முன்னே ஒருமுறை போய்ப் பாருங்கள். யாரும் தண்ணீர் ஊற்றாமலே ஆவாரை மஞ்சளாகப் பூத்து நிற்கும். குளியல் பொடியிலும் தேநீர்ப் பொட்டலத்திலும் நீங்கள் காசு கொடுத்து வாங்குகிறீர்களே, அதே பூதான்!

அந்தப் பக்கத்துப் பெண்களுக்குப் பூ வியாபாரம் புதிதல்ல. அருகில்தானே தோவாளைச் சந்தை? ஆனால் பிச்சியும் மல்லிகையும் வாடுகிற சரக்கு. வெயில் ஏறினால் விலை இறங்கும். வியாபாரி சொன்னதற்குத் தலையாட்டத்தான் வேண்டும். உலர்ந்த ஆவாரம்பூவுக்கு அந்த அவசரம் கிடையாது. விலை கட்டவில்லையா? கட்டி வைத்துவிட்டு அடுத்த வாரம் பேசலாம். பெண்கள் நடத்தும் தொழிலுக்கு இதைவிட என்ன பலம் வேண்டும், சொல்லுங்கள்!

உலர்த்துவதில்தான் சூட்சுமம். ஆவாரைக்கு ஒன்றுவிட்ட சகோதரி நிலாவாரை. அதன் இலையை நிழலில் உலர்த்தித் தூத்துக்குடியில் கப்பலேற்றியே, 'திருநெல்வேலி சென்னா' என்று மருந்து நூல்களில் ஊர்ப் பெயரைப் பதித்துவிட்டார்கள் நம்மவர்கள். (அது பேதி மருந்து. இரண்டையும் கலந்துவிடாதீர்கள், ஜாக்கிரதை!)

பனி உலர்ந்தபின் காலையில் பறியுங்கள். காம்பும் புழுவும் ஆய்ந்து, பூவின் மேல் பூ விழாமல் துணியில் பரப்புங்கள். காற்றோடும் நிழல் வேண்டும். வெயிலில் போட்டால் மஞ்சள் வெளுத்துவிடும். காற்றாலையைச் சுற்றுகிற காற்று பூவை விட்டுவைக்குமா என்கிறீர்களா? மேலே ஒரு கொசுவலைத் துணி போதும். கையில் எடுத்தால் சருகாய் நொறுங்க வேண்டும். சற்று ஈரமிருந்தாலும் பூசணம் பிடித்து டப்பாவே பாழ். ஐப்பசி, கார்த்திகை மழையில் பறிக்காமலிருப்பதே மேல்.

ஒரு காலத்தில் தோல் பதனிட இதன் பட்டையை உரித்தார்கள், செடியே போயிற்று. பூப் பறித்தால் செடி நிற்கும். அதற்காக மொட்டையடித்து விடாதீர்கள். காய்க்கக் கொஞ்சம் விட்டுவையுங்கள். விதையின் தோல் கெட்டி. வெந்நீரில் ஓர் இரவு ஊறவைத்து, மழைக்கு முன் வரப்போரம் ஊன்றச் சொல்லுங்கள்.