ரவுட்டருக்கு இரண்டு கடவுச்சொல்

வைஃபை பொருத்த வரும் ஊழியர், நம் கைபேசி எண்ணையோ பெயரோடு 123 சேர்த்தோ ஒரு கடவுச்சொல் வைத்துவிட்டுப் போகிறார். பல வீடுகளில் அது பிறகு மாறுவதே இல்லை. அதைவிடக் கவலை தருவது, ரவுட்டரின் அமைப்புகளைத் திறக்கும் இன்னொரு கடவுச்சொல். பெரும்பாலோருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. பல ரவுட்டர்களில் அது ‘அட்மின்’ என்றே கிடக்கிறது. அதன் வழியே நுழைந்தவர், வங்கித் தளத்தைத் தேடும் நம்மைப் போலித் தளத்துக்குத் திருப்பிவிடலாம். 2016-இல் ‘மிராய்’ என்ற தீநிரல், ஆலையில் வைத்த 60 சொச்சம் கடவுச்சொற்களை முயன்று பார்த்தே லட்சக்கணக்கான கேமராக்களையும் ரவுட்டர்களையும் வளைத்துப்போட்டது. அவற்றைக் கொண்டு அந்த அக்டோபரில் நடத்திய தாக்குதலில் ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் போன்ற தளங்களே முடங்கின. எளிதில் ஊகிக்கக்கூடிய கடவுச்சொல்லோடு இத்தகைய கருவிகளை விற்பதற்கு பிரிட்டன் 2024 ஏப்ரலில் சட்டப்படி தடை விதித்தது. இணைப்பு தரும் நிறுவனங்களும், பொருத்தும் நாளிலேயே இரண்டு கடவுச்சொற்களையும் வாடிக்கையாளர் கையாலேயே மாற்றவைக்க வேண்டும். அதுவரை பொறுப்பு நம்முடையது. ரவுட்டரின் அடியில் ஒட்டியுள்ள சீட்டில் அமைப்புப் பக்கத்தின் முகவரி இருக்கும். இன்றைக்கே அதைத் திறந்து, இரண்டையும் வெவ்வேறாக, 12 எழுத்துக்குக் குறையாமல் மாற்றிவிடுங்கள்.