மனநல சிகிச்சை: குறைந்த கட்டணம் மட்டும் போதுமா? பயிற்சி உளவியலாளர்களும் மேற்பார்வையின் அவசியமும்

மும்பை: அணுசக்தித் துறை ஊழியர்களின் குடியிருப்பான அணுசக்தி நகரில் அவர்களுக்கென தனி மருத்துவமனை இயங்குகிறது. அதற்கு அருகிலேயே, 1976-ஆம் ஆண்டு ஜனதா காலனியிலிருந்து அகற்றப்பட்ட மக்கள் குடியமர்த்தப்பட்ட சீட்டா கேம்ப் உள்ளது. தமிழர்கள் கணிசமாக வாழும் பகுதி இது. தினக்கூலியை நம்பியிருக்கும் குடும்பத்திற்கு, வாரந்தோறும் கட்டணம் செலுத்திப் பெறும் மனநல ஆலோசனை எளிதில் கைக்கெட்டுவதில்லை.

2015-16-ஆம் ஆண்டுகளில் நடத்தப்பட்ட தேசிய மனநல ஆய்வின்படி, நாட்டின் வயது வந்தோரில் 10.6 சதவீதம் பேருக்கு மனநலப் பாதிப்பு இருந்தது. பாதிப்பின் வகையைப் பொறுத்து, 70 முதல் 92 சதவீதம் பேர் வரை உரிய சிகிச்சை பெறவில்லை.

இந்த இடைவெளியைக் குறைக்கும் வழிகளுள் ஒன்று பயிற்சி மருத்துவமனை. அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் 1896-இல் லைட்னர் விட்மர் தொடங்கிய உளவியல் சிகிச்சையகம் இதற்கு முன்னோடி. முனைவர் பட்ட மாணவர்கள் சிகிச்சையும் உளவியல் மதிப்பீடும் அளிக்க, உரிமம் பெற்ற உளவியலாளர் மேற்பார்வையிடுவதே அங்குள்ள நடைமுறை. பல இடங்களில் வருமானத்திற்கேற்பக் கட்டணம் நிர்ணயிக்கப்படுகிறது.

மேற்பார்வை ஏன் முக்கியம்?

தாராவியை ஒட்டியுள்ள சயான் மருத்துவமனையில் கற்றல் குறைபாட்டைக் கண்டறியும் பிரிவு செயல்படுகிறது. உரிய சான்றிதழ் பெறும் மாணவருக்குப் பொதுத்தேர்வில் கூடுதல் நேரம் உள்ளிட்ட சலுகைகள் கிடைக்கும். வீட்டில் தமிழும் வகுப்பறையில் ஆங்கிலமோ இந்தியோ பயன்படுத்தும் குழந்தை எழுத்துகளைத் தடுமாறி வாசித்தால், அது குறைபாடா அல்லது மொழிப் பழக்கமின்மையா என்பதைத் தேர்வு மதிப்பெண் மட்டும் சொல்லிவிடாது. அதைப் பிரித்தறிய அனுபவம் வேண்டும். தவறான முடிவு எழுதப்பட்டால், குழந்தை உரிய சலுகையை இழக்கலாம்; இல்லாத குறைபாட்டின் பெயரைச் சுமக்கவும் நேரலாம்.

சிகிச்சையிலும் இதே நிலைதான். தற்கொலை எண்ணம் வெளிப்படும் தருணத்தில், பயிற்சியாளர் உடனே அணுகக்கூடிய மூத்த நிபுணர் அருகில் இருந்தாக வேண்டும். தம்மைக் கவனிப்பவர் பயிற்சியில் உள்ளவர் என்பதும், அவருக்குப் பொறுப்பேற்பவர் யார் என்பதும் முதல் சந்திப்பிலேயே சிகிச்சைக்கு வருபவருக்குத் தெரிவிக்கப்பட வேண்டும்.

மாறும் கல்வி முறை

2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், மருத்துவ உளவியலாளருக்கான தகுதியாகக் குறிப்பிடும் 2 ஆண்டு எம்.பில். படிப்பில், மேற்பார்வையுடன் கூடிய சிகிச்சைப் பயிற்சி கட்டாயம். புதிய கல்விக் கொள்கை எம்.பில். பட்டத்தைக் கைவிட்டது. எனினும் மருத்துவ உளவியலுக்கும் மனநல சமூகப் பணிக்கும் 2025-26 கல்வியாண்டு வரை அதனை நீட்டிப்பதாக 2024 ஜனவரியில் பல்கலைக்கழக மானியக் குழு அறிவித்தது. அதன் இடத்திற்கு எந்தப் பட்டம் வந்தாலும், பயிற்சி நேரமும் மேற்பார்வையும் குறையாமல் இருப்பதே நோயாளிக்கான பாதுகாப்பு.

அணுசக்தி நகரை அடுத்த தேவ்னாரில் உள்ள டாடா சமூக அறிவியல் நிறுவனம், 2012 முதல் 'ஐகால்' என்ற தொலைபேசி ஆலோசனை சேவையைக் கட்டணமின்றி நடத்தி வருகிறது. மத்திய அரசின் 'டெலி மானஸ்' சேவையை 14416 என்ற எண்ணில் தமிழிலும் பெறலாம். ஆனால் நேரடி மதிப்பீட்டுக்கும் மாதக்கணக்கில் தொடரும் சிகிச்சைக்கும் தொலைபேசி மட்டும் போதாது.

செம்பூரிலும் தாராவியிலும் தமிழறிந்த பயிற்சியாளர்களுக்கு வேலை இருக்கிறது. அவர்களை அமர்த்துவதற்கு முன், அவர்களை வழிநடத்தும் நிபுணர்களின் பணியிடங்களுக்கு நிதி ஒதுக்கப்பட வேண்டும். இல்லையெனில், குறைந்த கட்டண சேவை ஏழைகளுக்கான இரண்டாம் தர சேவையாக முடிந்துவிடும்.