சொல்லும் பொருளும்: ‘டேர்ன்’ என்ற சொல் எங்கே திரும்புகிறது?



ஆங்கிலப் பாடத்தில் நமது பிள்ளைகள் இடறுவதற்குக் கடினமான சொற்களே காரணம் என்று நாம் எண்ணுகிறோம். உண்மையில் நீளமான, கடினமான சொல்லுக்குப் பெரும்பாலும் ஒரு பொருள்தான் இருக்கும். அதை ஒருமுறை மனனம் செய்தால் போதும். பிள்ளைகளை ஏமாற்றுபவை சின்னஞ்சிறு சொற்களே. அவற்றில் ஒன்றை இம்மாதம் எடுத்துக்கொள்வோம். அது ‘டேர்ன்’.

‘டேர்ன்’ என்றால் திரும்பு என்பது ஆரம்ப வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும். ஆனால், விளையாட்டில் “இது என் டேர்ன்” என்றால் என் முறை என்று பொருள். மகள் 16ஐ ‘டேர்ன்’ பண்ணினாள் என்றால் அவளுக்கு 16 வயது நிறைந்துவிட்டது. பால் ‘டேர்ன்’ ஆனால் அது கெட்டுவிட்டது. இலை ‘டேர்ன்’ ஆனால் அது நிறம் மாறிவிட்டது. ஒருவருக்கு ‘குட் டேர்ன்’ செய்தால் அது ஓர் உபகாரம். ‘திரும்பு’ என்ற ஒரு பொருளை மட்டும் வைத்துக்கொண்டு இத்தனையையும் பிள்ளை எப்படி விளங்கிக்கொள்ளும்?

சொல் பிறந்த இடம்

இச்சொல்லின் வேர் தச்சுப் பட்டறையில் இருக்கிறது. வட்டம் வரைவதற்குத் தச்சர்கள் பயன்படுத்திய கருவியைக் கிரேக்கர் ‘டோர்னோஸ்’ என்றனர். அது லத்தீன் மொழிக்குப் போனபோது, மரத்தைச் சுழலவைத்துக் கடையும் கடைசல் பொறிக்குப் பெயராயிற்று. கடைவதைக் குறித்த அந்த லத்தீன் வினைச்சொல்தான் ஆங்கிலத்தில் ‘டேர்ன்’ ஆனது. கட்டில் கால் கடைவது போன்ற வேலையைச் செய்பவரை ஆங்கிலத்தில் இன்றும் ‘டேர்னர்’ என்றே அழைக்கிறார்கள்.

அந்த வேரிலிருந்து வந்த வேறு சொற்களும் நம் வீட்டுக்குள் இருக்கின்றன. சுற்றிவிட்டுத் திரும்புவது ‘டுவர்’. போய் மீள்வதற்கு ‘ரிட்டர்ன்’ டிக்கெட். வெளிநாடு செல்லும் கணவர், காணி அலுவல்களைப் பார்ப்பதற்கு மனைவியின் பெயரிலோ சகோதரரின் பெயரிலோ அற்றோணித் தத்துவம் எழுதிக் கொடுப்பாரல்லவா? அந்த ‘அற்றோணி’யும் இதே குடும்பம்தான். தம் அலுவலை இன்னொருவர் பக்கம் திருப்பிவிடுவது என்பதே அதன் பழைய கருத்து.

இப்படிப் பொருள் விரிவது ஆங்கிலத்துக்கு மட்டும் உரியதல்ல. நமது தமிழில் ‘திரி’ என்ற சொல்லைப் பாருங்கள். பஞ்சை முறுக்கித் திரி திரிக்கிறோம். வேலையில்லாதவன் ஊரெல்லாம் திரிகிறான். பால் திரிந்துவிட்டது என்கிறோம். முறுக்குவதும், அலைவதும், கெடுவதும் ஒரே சொல்லுக்குள் அடங்கியிருந்தும் நாம் ஒருபோதும் குழம்புவதில்லை. ஏனென்றால், அந்தச் சொல்லை நாம் தனியாகப் படிக்கவில்லை. பஞ்சோடும் பாலோடும் சேர்த்தே உம்மாவிடமிருந்து கேட்டுப் பழகினோம்.

துணைச்சொல் செய்யும் வேலை

பொருள் பிழைப்பது பெரும்பாலும் துணைச்சொல் வந்து சேரும்போதுதான். ‘டேர்ன்’ என்பதற்குப் பின்னால் ‘ஒன்’, ‘ஒஃப்’, ‘அப்’, ‘டவுன்’ போன்ற ஒரு சிறு சொல் வந்துவிட்டால் பொருள் தலைகீழாகிவிடும்.

அரபுக் கல்லூரியில் ஓதும் மாணவருக்கு இது புதிய விடயமல்ல. அரபியில் ‘ரகிப’ என்ற வினையோடு ‘ஃபீ’ சேர்ந்தால் விரும்பினான் என்று பொருள். அதே வினையோடு ‘அன்’ சேர்ந்தால் வெறுத்து ஒதுங்கினான் என்று பொருள். துணைச்சொல்லைக் கவனியாமல் வினையை மட்டும் பார்த்துப் பொருள் சொன்னால் வசனம் முழுவதும் பிழைத்துவிடும். குர்ஆன் ஓதும் பிள்ளைக்கு ஆங்கிலம் சொல்லிக் கொடுக்கும்போது இந்த உதாரணத்தையும் சேர்த்துச் சொல்லிப் பாருங்கள்.

லைட்டை ‘டேர்ன் ஒன்’ செய்வது அதைப் போடுவது. ‘டேர்ன் ஒஃப்’ செய்வது அதை நூர்ப்பது. ஆனால், நாய் ஒருவர் மீது ‘டேர்ன் ஒன்’ பண்ணியது என்றால், திடீரென்று பாய்ந்தது என்று அர்த்தம். வானொலியின் சத்தத்தை ‘டேர்ன் டவுன்’ செய்தால் குறைப்பது. விண்ணப்பத்தை ‘டேர்ன் டவுன்’ செய்தால் நிராகரிப்பது. சத்தத்தை ‘டேர்ன் அப்’ செய்தால் கூட்டுவது. ஓர் ஆள் ‘டேர்ன் அப்’ ஆனால் வந்து சேருவது.

வேலைக்கோ மேற்படிப்புக்கோ விண்ணப்பித்த வீட்டுக்கு ஓர் ஆங்கிலக் கடிதம் வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் ‘டேர்ன் டவுன்’ என்றிருந்தால் அந்தக் கதவு மூடிவிட்டது என்பதே செய்தி. இதைப் புரியாதவர் பதில் இன்னும் வரவில்லை என்று மாதக்கணக்காகக் காத்திருப்பார். அல்லது, காரியம் நடக்கும் என்று சொல்லும் தரகரிடம் பணத்தைக் கொடுத்துவிடுவார்.

வெளிநாட்டில் முதியோரைப் பராமரிக்கும் நம் சகோதரிகளுக்கு இது இன்னும் முக்கியம். படுக்கையில் கிடக்கும் நோயாளியை ‘டேர்ன் ஓவர்’ செய்யுங்கள் என்றால், படுக்கைப் புண் வராமல் மறுபக்கம் புரட்டிப் படுக்கவையுங்கள் என்று பொருள். அதன் பின்னால் ‘டூ’ சேர்த்து ஒருவரின் பெயரைச் சொன்னால், அவரிடம் ஒப்படையுங்கள் என்று பொருளாகிவிடும். வாசலுக்கு வந்த ஒருவரை ‘டேர்ன் அவே’ செய்யுங்கள் என்றால், உள்ளே விடாமல் திருப்பி அனுப்பிவிடுங்கள் என்பதாகும். மூன்றிலும் முதற்சொல் ஒன்றே. செய்யவேண்டிய காரியமோ மூன்று விதம்.

வீட்டில் என்ன செய்யலாம்?

பிள்ளையின் கொப்பியில் ‘டேர்ன் – திரும்பு’ என்று எழுதி மனனம் செய்ய விடாதீர்கள். ஒரு பக்கத்தை இந்த ஒரு சொல்லுக்கே ஒதுக்கச் சொல்லுங்கள். துணைச்சொல்லோடு சேர்த்து, வீட்டில் நடக்கும் காரியம் ஒன்றைக் கொண்டு ஒவ்வொன்றுக்கும் ஒரு சிறு வசனம் எழுதட்டும். தண்ணீர்ப் பைப்பைத் திறக்கும்போது ‘டேர்ன் ஒன்’, பூட்டும்போது ‘டேர்ன் ஒஃப்’. வானொலிச் சத்தத்தைக் கூட்டும்போது ‘டேர்ன் அப்’, குறைக்கும்போது ‘டேர்ன் டவுன்’. கை செய்யும்போது வாயும் சொன்னால் அது மறக்காது. உங்களுக்கு ஆங்கிலம் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. பிள்ளை சொல்ல நீங்களும் திருப்பிச் சொல்லுங்கள். இருவரும் சேர்ந்தே படித்துவிடலாம்.

அகராதி பார்க்கும் பிள்ளை முதல் வரியோடு நிறுத்திவிடக் கூடாது. மாணவர்க்கான ஆங்கில அகராதிகளில் இத்தகைய கூட்டுச் சொற்களைப் பெரும்பாலும் அந்தச் சொல்லின் கீழே தனியாகத் தந்திருப்பார்கள். கீழே வரை படிக்கப் பழக்குங்கள்.

கடைசியாக ஒன்று. ஆங்கில வினாத்தாள்களில் பக்கத்தின் அடியில் ‘பீ.டீ.ஓ.’ என்ற மூன்று எழுத்துகளைக் காணலாம். அதன் நடுவிலுள்ள ‘டீ’ இதே ‘டேர்ன்’தான். தயவுசெய்து மறுபக்கம் புரட்டுங்கள் என்பதே அதன் பொருள். அதைக் கவனிக்காத பிள்ளை பின்பக்கத்திலுள்ள கேள்விகளைப் பார்க்காமலே தாளைக் கொடுத்துவிட்டு, பரீட்சை இலேசு என்று சந்தோஷமாக வீட்டுக்கு வரும். அடுத்த பரீட்சைக்கு முன், இன்ஷா அல்லாஹ், இந்த மூன்று எழுத்துகளையாவது உங்கள் பிள்ளைக்குக் காட்டிக் கொடுத்துவிடுங்கள்.