காரை மூடிவைத்து, பிள்ளையை ராங்கில் ஏற்றும் பெற்றாருக்கு

காலை ஏழே காலுக்கு யாழ்ப்பாணத்தில் எந்தப் பாடசாலை வாசலிலாவது நின்று பாருங்கள். மோட்டார் சைக்கிளின் பெற்றோல் ராங்கில் சின்னவன், அப்பாவுக்குப் பின்னால் பெரியவள், அவளுக்கும் பின்னால் இரண்டு புத்தகப்பையோடு அம்மா. ஹெல்மெற் அப்பாவுக்கும் அம்மாவுக்கும்தான். பொலிஸ் மறிப்பது அவர்களைத்தானே! அடுத்து வருகிற ஸ்கூட்டியில் கால்வைக்கும் இடத்தில் முன்பள்ளிப் பிள்ளை நின்றபடி வருகிறது, பாதி நித்திரையில்.

கார் வாங்க வழியில்லாதவர்களுக்குப் புத்தி சொல்ல நான் வரவில்லை. அவர்களிடம் கேட்பது ஒன்றுதான்: பிள்ளையின் தலைக்கு அளவான ஹெல்மெற் ஒன்று வாங்குங்கள். மோட்டார் சைக்கிள் விபத்தில் தலைக்காயத்துக்கான வாய்ப்பை ஹெல்மெற் 69 வீதம் குறைக்கிறது என்று பல நாட்டு ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். அந்தக் கணக்கு பெரியவர்களின் மண்டைக்கு மட்டும் உரியதல்ல.

எனக்குக் கோபம் மற்றவர்களில். முற்றத்தில் ஒரு பெரிய வாகனத்தைக் கவர் போட்டு மூடிவிட்டு, பிள்ளையை ராங்கில் இருத்திக்கொண்டு வருகிறவர்களில். அந்த வாகனம் கலியாண வீட்டுக்கு, நல்லூர்த் தேருக்கு, கொழும்புக்கு. பாடசாலைக்கு ஏன் எடுப்பதில்லை என்று கேட்டால் பதில் வாயில் தயாராக இருக்கிறது. ஒழுங்கைக்குள் திருப்ப ஏலாது. பெற்றோல் குடிக்கும். வாசலில் விட இடமில்லை. கீறுப்பட்டுவிடும். மனிசிக்கு ஓட வராது. எல்லாம் உண்மைதான். நீங்கள் வாங்கிய வாகனம் உங்கள் வீட்டுக்குப் பொருந்தாதது என்பதற்கு நீங்களே தருகிற சாட்சியங்கள் இவை.

இப்போது பலர் இரண்டாவது வாகனம் பற்றி யோசிக்கிறீர்கள். 2020 மார்ச்சில் நிறுத்திய வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் தனியார் வாகனங்களுக்கும் திறந்ததிலிருந்து எந்தச் சபையிலும் இதுதான் கதை. அந்த யோசனையிலும் வெசல், பிராடோ, கேடிஎச் வான் என்றுதான் பேச்சு போகிறது. கனடாவிலிருந்து மச்சான் குடும்பம் வந்தால் எல்லோரும் ஒன்றாகப் போகவேண்டுமாம். மச்சான் ஆவணியில் வந்து மூன்று கிழமை நிற்பார். அந்த மூன்று கிழமைக்கு ஒரு வான் வாடகைக்குப் பிடிக்கலாம், சாரதியோடு. மிச்சமுள்ள நாள் முழுக்க உங்கள் பிள்ளை எதில் போகிறது என்பதற்கு மச்சானா பொறுப்பு?

இரண்டாவது காருக்கு இருக்கிற வேலையைப் பாருங்கள். காலையில் பாடசாலை, ஒன்றரைக்குத் திரும்ப ஏற்றுவது, பின்னேரம் ரியூசன், திருநெல்வேலிச் சந்தை, அம்மம்மாவின் கிளினிக். பருத்தித்துறையிலிருந்து யாழ்ப்பாண நகரம் 35 கிலோமீற்றருக்குள். காங்கேசன்துறை அதைவிடக் கிட்ட. இந்தக் குடாநாட்டில் ஏறுவதற்கு ஒரு மலைகூட இல்லை. முழுவதும் சுண்ணாம்புக்கல் தரை, தட்டை. நுவரெலியாவுக்கு வேண்டிய எஞ்சினை வாங்கி உரும்பிராய் ஒழுங்கைக்குள் உருட்டுவதில் என்ன பெருமை?

இதற்கென்றே செய்ததுபோல ஒரு வகை இருக்கிறது. ஜப்பானில் சிறிய கார்களுக்கென ஒரு விதி: நீளம் 3.4 மீற்றருக்குள், அகலம் 1.48 மீற்றருக்குள், எஞ்சின் 660 சிசிக்குள். வகன் ஆர், ஸ்பேசியா, ஜப்பான் அல்ரோ, மீரா, டேஸ் எல்லாம் இந்த விதிக்குள் பிறந்தவை. இரண்டு பக்கமும் மதில் எழும்பிய நம் ஒழுங்கைக்குள் எதிரே ஓட்டோ வந்தாலும் ஒதுங்கலாம். பாவிப்பவர்கள் லீற்றருக்கு 18, 20 கிலோமீற்றர் என்கிறார்கள். 2022 ஜூனில் ஒக்ரேன் 92 பெற்றோல் லீற்றர் 470 ரூபா விற்றதையும், ஜூலையில் கியூஆர் கோட் வந்து காருக்குக் கிழமைக்கு 20 லீற்றர் என்று கட்டியதையும் இவ்வளவு கெதியாக மறந்துவிட்டோமா? அந்த 20 லீற்றரில் சின்னக் கார்க்காரர் கிழமை முழுக்க ஓடினார். பெரிய வாகனக்காரர் சைக்கிளுக்குக் காற்றடித்தார்.

“உது நெருப்புப்பெட்டி, குடும்பத்தை இழுக்குமே?” என்று பெரிசுகள் கேட்கும். அவர்களுக்கு ஒரு சேதி. அவர்கள் பெருமையாகப் பேசும் ஒஸ்ரின் ஏ40 சோமர்செற்றுக்கு 1200 சிசி எஞ்சினில் சுமார் 40 குதிரைவலுதான். ஒரு வகன் ஆரின் 660 எஞ்சின் 52 தருகிறது, காரின் பாரமும் அதைவிடக் குறைவு. அந்த ஒஸ்ரினில்தான் மாப்பிள்ளை, தோழன், மாமிமார் என்று ஏழெட்டுப் பேர் நெருக்கிக்கொண்டு கலியாணத்துக்குப் போனார்கள். தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடை வந்து பெற்றோல் முட்டுப்பட்டபோது, ஒரு சொட்டுப் பெற்றோலில் ஸ்ரார்ட் பண்ணி மண்ணெண்ணெயில் ஓடியவையும் அந்த வயதான கார்கள்தான். பயணிகளோடு புகையும் வந்தது. இழுக்குமா என்ற கேள்வியை அன்றைக்கு ஒருவரும் கேட்கவில்லை.

ஆனால் நெருப்புப்பெட்டி என்ற ஏளனத்தில் ஒரு நியாயம் உண்டு, அது இழுவையைப் பற்றியதல்ல. சின்னக் கார் எல்லாம் ஒன்றல்ல. குளோபல் என்கெப் என்ற அமைப்பு 2014இல் இந்தியாவில் விற்ற ஐந்து கார்களை மணிக்கு 64 கிலோமீற்றர் வேகத்தில் மோதவிட்டுப் பார்த்தது. மாருதி சுசுகி அல்ரோ 800, டாட்டா நானோ இரண்டும் அதில் இருந்தன. எயர்பேக் இல்லாத அந்த ஐந்துக்கும் பெரியவர்களின் பாதுகாப்பில் ஒரு நட்சத்திரம்கூடக் கிடைக்கவில்லை. எயர்பேக் வைத்தால் சரியா என்றால், அல்ரோவிலும் நானோவிலும் உடற்கூடே மோதலைத் தாங்கவில்லை என்றார்கள். இந்த இரண்டும் நம் றோட்டிலும் நிறைய ஓடுகின்றன. மோட்டார் சைக்கிளோடு ஒப்பிட்டால் இவையும் மேல்தான்: மழை நனைக்காது, பின்னால் வருகிற பஸ் தட்டினால் பிள்ளை றோட்டில் விழாது. ஆனாலும் கையில் கொஞ்சம் காசு கூட இருந்தால் அதை அலோய் வீலுக்கும் பெரிய ஸ்கிரீனுக்கும் கொடுக்காமல் எயர்பேக்கும் ஏபிஎஸ்ஸும் உள்ள காருக்குக் கொடுங்கள். ஜப்பானிலிருந்து இறங்கிய 660களில் இவை பெரும்பாலும் இருக்கும்.

இருந்தும் என்ன? எயர்பேக் உள்ள காரின் முன் சீற்றில் அம்மா, அவவின் மடியில் பிள்ளை! இதைக் கண்டால் எனக்குப் பத்திக்கொண்டு வரும். முன் சீற்றில் பெல்ற் போடவேண்டும் என்ற சட்டம் 2011இல் வந்தது. பெல்ற் அம்மாவுக்கு, பிள்ளை அம்மாவின் கையில். மணிக்கு 50 கிலோமீற்றர் வேகத்தில் போகிற கார் மோதி நின்றால் பத்துக் கிலோப் பிள்ளை அந்தக் கணத்தில் சில நூறு கிலோவாகக் கனக்கும். எந்தத் தாயின் கையும் அதைப் பிடித்துவைக்காது. பாசம் வேறு, பௌதிகவியல் வேறு. போதாக்குறைக்கு முன்னாலிருந்து வெடித்து விரிகிற எயர்பேக் முதலில் அடிப்பது மடியில் இருக்கிற பிள்ளையைத்தான்.

பிள்ளைக்குரிய இடம் பின் சீற். அதிலும் சும்மா அல்ல, வயதுக்கேற்ற குழந்தை இருக்கையில். அது கைக்குழந்தைகளின் மரணத்தை 70 வீதமளவு குறைக்கும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். பிறந்தநாள் விழாவுக்கு மண்டபம், பலூன், ட்ரோன் கமெரா எல்லாம் பிடிக்கிற நாங்கள் அந்த இருக்கைக்கு மட்டும் விலை கேட்டுப் பின்வாங்குகிறோம். லண்டனிலும் ரொறன்ரோவிலும் உள்ள உங்கள் அக்கா, தங்கச்சிமார் அது இல்லாமல் பிள்ளையைக் காரில் ஏற்றமாட்டார்கள். அங்கே சட்டம். இங்கே பொலிஸ் கேட்பதில்லை என்பதால் பிள்ளையின் கழுத்து இரும்பாகிவிடுமா? வாகனம் பார்க்கப் போகும்போது பின் சீற்றின் முதுகும் இருப்பும் சேருமிடத்தில் கையை விட்டுப் பாருங்கள். இருக்கையைக் கொளுவும் இரும்பு வளையங்கள் தட்டுப்படவேண்டும். பின் பெல்ற்றுகளையும் இழுத்துப் பாருங்கள். பழைய கார்களில் அவை சீற் கவருக்குக் கீழே புதைந்து கிடக்கும், ஒருநாளும் வெளிச்சம் காணாமல்.

இந்த 660 கார்கள் நான்கு பேருக்குமேல் ஏற்றக்கூடாதவை என்பதையும் சொல்லிவிடவேண்டும். அம்மம்மா ஐந்தாவது ஆள் என்றால் ஆயிரம் சிசிப் பக்கம் பாருங்கள், அல்லது அம்மம்மாவை இரண்டாவது தடவையில் ஏற்றுங்கள். மூன்று கிலோமீற்றர்தானே.

காசுக் கதைக்கு வருவோம். இறக்குமதி நின்ற ஐந்து வருடத்தில் பழைய கார்களின் விலை ஏறியது. வாங்கிய விலைக்கு மேலே விற்றவர்கள் உண்டு. அதைப் பார்த்துவிட்டு இன்றைக்கும் கார் ஒரு முதலீடு என்று கதைக்கிறீர்கள். தட்டுப்பாட்டில் ஏறிய விலை அது. கப்பல் வரத் தொடங்கியபின் கார் மறுபடியும் கார்தான், வருடத்துக்கு வருடம் தேயும். லீசிங் எடுத்து, நகையை அடைவு வைத்து முதற்பணம் கட்டி, மாதாந்தம் சம்பளத்தில் பாதியை அள்ளிக் கொடுக்கும் குடும்பங்கள் நம்மிடையே கொஞ்சமில்லை. சின்னக் காரென்றால் அந்தத் தவணையும் சின்னதாகும். இப்படிச் சொன்னால் ஆக்கள் என்ன சொல்லுவினம் என்கிறீர்கள். சொல்லட்டுமே. ஆக்கள் தவணை கட்டமாட்டினம்.

பாவித்த கார் பார்க்கும்போது ஏமாறாதீர்கள். மீற்றரைச் சுற்றிக் குறைப்பது சாதாரணமாக நடக்கிறது. கதவின் ஓரத்திலோ பொனற்றுக்குள்ளோ ஜப்பானில் ஒட்டிய ஒயில் மாற்றிய தாள் இருந்தால் அதிலுள்ள கிலோமீற்றரை மீற்றரோடு ஒப்பிடுங்கள். சாவியைத் திருப்பியதும் எயர்பேக் விளக்கு எரிந்து சில நொடியில் அணையவேண்டும். அறவே எரியவில்லை என்றால் யாரோ அதைக் கழற்றியிருக்கிறார்கள், உள்ளே எயர்பேக்கும் இல்லாமலிருக்கலாம். ரயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும்: 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது கிழமையில் செய்தது. பூ இருக்கிறது என்று பத்து வருட ரயரில் பிள்ளையை ஏற்றாதீர்கள். பண்ணைப் பாலத்தால் தீவுப்பகுதிக்கு அடிக்கடி போய்வந்த கார் என்றால் குனிந்து அடிப்பக்கத்தைப் பாருங்கள். உப்புக்காற்று மேல்பூச்சில் தெரியாது, கீழே தின்றுகொண்டிருக்கும். மாரியில் வெள்ளம் ஏறிய இடத்தில் நின்ற காரை எவ்வளவு மலிவென்றாலும் விடுங்கள். ஹைபிரிட் வகன் ஆரின் சிறிய பற்றறி முன் சீற்றுக்குக் கீழேதான் இருக்கிறது.

மின்சாரக் கார் நம் தூரங்களுக்கு நல்ல பொருத்தம், கூரையில் சோலார் உள்ளவர்களுக்கு இன்னும். ஆனால் பழைய நிசான் லீவ் மலிவென்று பாயாதீர்கள். அதன் பற்றறியைக் குளிர்விக்கத் தனி ஏற்பாடு இல்லை. நம் பங்குனி, சித்திரை வெக்கையில் அது வயதுக்கு முன்பே கிழடாகும்.

கடைசியாக, நிறம் முதல் லீசிங் வரை முடிவெடுக்கிற அப்பாமாருக்கு. இந்தக் காரை நாள்தோறும் ஓடப்போவது பெரும்பாலும் பிள்ளையின் அம்மா. “உனக்கு ஓட வராது” என்று அவவின் வாயை அடைத்தது நீங்கள்தான். பெரிய வாகனத்தில், மதிலுக்குப் பக்கத்தில், நீங்களே பக்கத்திலிருந்து சத்தம் போட்டுப் பழக்கினால் ஆருக்கு வரும்? இந்தச் சின்னக் கார்களில் பெரும்பாலானவை ஓட்டோ கியர், சீற் உயரம், கண்ணாடி பெரிது. விற்பவரின் வீட்டுக்குப் போகும்போது அவவையும் கூட்டிக்கொண்டு போங்கள். லைசென்ஸ் இருந்தால் சாவியை அவவின் கையில் கொடுத்துவிட்டு நீங்கள் இறங்கி நில்லுங்கள். ஒழுங்கைக்குள் ஒருதரம் றிவேர்ஸ் எடுத்துப் பார்க்கட்டும். லைசென்ஸ் இல்லையென்றால் காருக்கு அட்வான்ஸ் கொடுக்கும் முன் பழகுநர் பள்ளிக்குக் காசு கட்டுங்கள்.