தானம் வேண்டாம், இரவல் கொடுங்கள்

"அதை நீங்களே வச்சுக்கோங்க. திருப்பித் தர வேண்டாம்."

கேட்க எவ்வளவு இனிமையான பேச்சு! கோவில்பட்டி வட்டாரத்தில் படுத்த படுக்கையாகிவிட்ட அப்பனுக்கோ ஆத்தாளுக்கோ வீல்சேர், வாக்கர், வாட்டர் பெட் என்று கேட்டுப் போகிற நம் தெரு ஆட்கள், மனசு வந்து கொடுக்கிறவர்களிடமிருந்தும் இந்தப் பேச்சைத்தான் கேட்டு வருகிறார்கள். அதே வீல்சேரை ஊர்த்தெருக்காரர் வாங்கிப் போனால் பேச்சு வேறு: "தேவை முடிஞ்சதும் மறக்காம கொண்டாந்து குடுத்துருங்க, அடுத்து ஒருத்தர் கேட்டிருக்காக."

ஒருவருக்கு இரவல். இன்னொருவருக்கு தானம். இந்த இரண்டுக்கும் நடுவில்தான் தீண்டாமை உட்கார்ந்திருக்கிறது.

இரவல் என்பது சமமானவர்களுக்குள் நடப்பது. இன்று நீ வாங்குகிறாய், நாளை நான் வாங்குவேன். நீ படுத்த படுக்கையில் நான் படுப்பேன், நீ பிடித்த கைப்பிடியை நான் பிடிப்பேன். தானத்துக்கு அந்தத் தொந்தரவு இல்லை. போனது போனதுதான். சேரிக்குள் போன பொருள் திரும்பி ஊருக்குள் வராது என்ற உத்தரவாதத்தோடுதான் பெருந்தன்மை பிறக்கிறது. டீக்கடையில் நமக்கென்று தனி டம்ளர் வைத்தவர்கள் டீ கொடுக்க மறுக்கவில்லையே. நாம் குடித்த டம்ளரைத் திரும்ப வாங்கத்தான் மறுத்தார்கள். அந்த டம்ளர்தான் இப்போது வீல்சேர் வடிவத்தில் வருகிறது.

இது நமக்கு வந்த அதீதக் கற்பனையா? இந்த மண்ணிலேயே பாருங்கள். 2022 செப்டம்பரில் சங்கரன்கோவில் பக்கம் பாஞ்சாகுளத்தில், மிட்டாய் வாங்க வந்த நம் பள்ளிக்கூடப் பிள்ளைகளிடம் "ஊர்க் கட்டுப்பாடு" என்று சொல்லிக் கடைக்காரர் விற்க மறுத்த வீடியோவை நாடே பார்த்தது. அடுத்த வருடம், 2023 செப்டம்பரில், எட்டயபுரம் பக்கம் உசிலம்பட்டியில், தலித் பெண் சமைத்த காலை உணவைத் தங்கள் பிள்ளைகள் சாப்பிடக் கூடாது என்று பெற்றோர் சிலர் தடுத்த செய்தி வந்தது. அமைச்சரும் எம்.பி.யும் நேரில் வந்து பிள்ளைகளோடு உட்கார்ந்து சாப்பிட வேண்டியிருந்தது. ஒரு ஊரில் நம் கைக்குக் கொடுக்க மாட்டார்கள். இன்னொரு ஊரில் நம் கையிலிருந்து வாங்க மாட்டார்கள். ஒரு மிட்டாய்க்கும் ஒரு கரண்டி உப்புமாவுக்கும் இந்தப் பாடு என்றால், மாதக்கணக்கில் ஒரு உடம்பு வியர்த்துக் கிடந்த மெத்தைக்கு என்ன பாடு இருக்கும்?

"எங்க சங்கத்துப் பணம், எங்க ஆட்களுக்குக் கொடுக்கிறோம். உங்களுக்கு என்ன?" என்று கேட்பார்கள். கேட்கட்டும். சொந்தக்காரர்களுக்குள் கொடுத்து வாங்குவதை யாரும் தடுக்கவில்லை. ஆனால் "பொதுச் சேவை" என்று போர்டு மாட்டி, ஊரெல்லாம் நன்கொடை திரட்டி, 80ஜி ரசீது கிழித்துக் கொடுத்தால் கணக்கு மாறிவிடும். 1961-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் அந்த 80ஜி பிரிவே, ஒரு குறிப்பிட்ட மதத்துக்கோ சாதிக்கோ என்று அமைந்த அறக்கட்டளைக்கு அந்தச் சலுகை கிடையாது என்று சொல்லி வந்தது. பட்டியல் சாதியினர், பழங்குடியினர், பிற்பட்டோர், பெண்கள், குழந்தைகள் ஆகியோருக்கான அமைப்புகளுக்கு மட்டும் விலக்கு. வரிச்சலுகை வாங்கும்போது "பொதுமக்கள்", வீல்சேர் கொடுக்கும்போது "எந்தத் தெரு?" என்றால் அதற்குப் பெயர் சேவை இல்லை.

1955-ஆம் ஆண்டு குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம், பொதுமக்களுக்கென்று ஏற்படுத்தப்பட்ட அறக்கட்டளையின் பயனைத் தீண்டாமை காரணமாக மறுப்பதைக் குற்றம் என்கிறது. 2015-இல் திருத்தப்பட்ட வன்கொடுமைத் தடுப்புச் சட்டம், பொதுமக்கள் வந்துபோகும் இடத்தில் பொதுப் பயன்பாட்டுக்கு உள்ள பொருட்களைப் பட்டியல் சாதியினர் பயன்படுத்தவிடாமல் தடுப்பதையும் வன்கொடுமை என்று சேர்த்திருக்கிறது. டம்ளருக்குப் பொருந்துகிற சட்டம் பொது இடத்து ஊன்றுகோலுக்குப் பொருந்தாதா?

"அரசாங்கம்தான் முகாம் போட்டு எல்லாம் கொடுக்குதே" என்பது அடுத்த சமாதானம். கொடுக்கிறது, மறுக்கவில்லை. 1981-லிருந்து நடக்கிற மத்திய அரசின் உதவி உபகரணத் திட்டம் 40 சதவீத ஊனத்துக்குச் சான்றிதழ் கேட்கும். 2017-இல் வந்த வயோஸ்ரீ திட்டம் 60 வயது தாண்டியவர்களுக்கு. தீப்பெட்டி ஆபீஸுக்குப் போகிற வழியில் வேன் கவிழ்ந்து தொடை எலும்பு முறிந்த 35 வயதுப் பெண்ணுக்கு மூன்று மாதத்துக்கு ஒரு வாக்கர் வேண்டும். அவர் எந்தச் சான்றிதழைக் காட்டுவார்? புற்றுநோய் முற்றி "வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க" என்று அனுப்பப்பட்டவர் முகாம் தேதி வரை காத்திருப்பாரா? திட்டங்கள் நிரந்தர ஊனத்தைக் கணக்கில் எடுக்கின்றன. மூன்று வாரத் தேவைக்கும் மூன்று மாதத் தேவைக்கும் இரவல் ஒன்றுதான் வழி. அந்த வழியில்தான் சாதி குறுக்கே படுத்திருக்கிறது.

விளைவு என்ன? இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்க ஆளில்லாத வீட்டில் படுக்கைப்புண் வருகிறது. வீட்டில் உள்ள எல்லோரும் காட்டு வேலைக்கும் தீப்பெட்டி வேலைக்கும் போனால்தான் அடுப்பெரியும். ஒரு ஏர் பெட் இருந்தால் தள்ளிப்போயிருக்கும் புண், எலும்பு வரை போய், சீழ் வைத்து, ஆளைக் கொல்கிறது. இறப்புச் சான்றிதழில் சாதி என்று எழுத மாட்டார்கள்.

இனி, தானமாக வருவதன் லட்சணத்தையும் சொல்ல வேண்டும். போட்டோ எடுத்து, துண்டு போட்டுக் கொடுக்கப்படும் வீல்சேர், ஆஸ்பத்திரித் தளத்தில் ஓடுவதற்கான மெல்லிய சக்கரம் கொண்டது. ஐப்பசி மழையில் கரிசல் மண் செருப்பையே பிடுங்கிக்கொள்ளும். அதில் அந்தச் சின்ன முன்சக்கரம் எங்கே ஓடும்? கோடையில் வெடித்துக் கிடக்கும் பாளத்தில் அது சிக்கிக்கொள்ளும். வண்டி ஓடும் இடத்துக்கு ஏற்றதாக இருக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2008-லேயே வழிகாட்டுதல் போட்டுவிட்டது. சிமெண்ட் ரோடு ஊர்த்தெருவோடு நின்றுபோன கிராமத்தில், வீல்சேரைக் காலனிக்குத் தானம் கொடுத்து என்ன பயன்? முதலில் ரோட்டைக் கொடுங்கள்.

ஆக்சிஜன் கான்சன்ட்ரேட்டரும் அப்படித்தான். 5 லிட்டர் மெஷின் சுமார் 350 வாட் இழுக்கும். நாள் முழுக்க ஓடினால் 8 யூனிட்டுக்கு மேல். இரண்டு மாதத்துக்கு 500 யூனிட். 2016-இல் அறிவித்த இலவசம் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட். மெஷினைக் கொடுத்துவிட்டு கரண்ட் பில்லை மறந்தால், மூச்சு வேண்டுமா சோறு வேண்டுமா என்று அந்த வீட்டைக் கேட்டதாகத்தான் அர்த்தம். பழைய மெஷினைச் சோதிக்காமல் கொடுப்பது அதைவிட மோசம். வெளிவரும் ஆக்சிஜன் 82 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. சோதித்துப் பார்க்க ஆள் வேண்டும். பழைய இரும்புக் கடைக்குப் போக வேண்டியதை நம் தெருவில் இறக்கிவிட்டுப் புண்ணியக் கணக்கில் எழுதாதீர்கள்.

"சுத்தம், தொற்று" என்று இழுப்பவர்களுக்கும் பதில் உண்டு. மூக்கில் மாட்டும் குழாய், நெபுலைசர் மாஸ்க் இவற்றை ஆளுக்கு ஆள் புதிதாகத்தான் போட வேண்டும். கிழிந்த மெத்தையை எறிய வேண்டும். இரும்பையும் ரெக்சினையும் சோப்புத் தண்ணீரில் கழுவி, கிருமிநாசினி போட்டுத் துடைத்தால் தீர்ந்தது. கிருமிக்கு மருந்து இருக்கிறது. கிருமிக்குத் தெரு தெரியாது. தெரு பார்க்கிறவர்களுக்குத்தான் மருந்தில்லை.

பக்கத்துக் கேரளத்தில் 1993-இல் கோழிக்கோட்டில் தொடங்கிய வலிநிவாரண இயக்கம் ஊர் ஊராகப் பரவியது. 2008-இல் அரசு அதைக் கொள்கையாக்கி உள்ளாட்சிகளின் பொறுப்பில் வைத்தது. அங்கே சாதி செத்துவிட்டது என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் நோயாளியின் வீட்டைத் தேடிப் போவது பஞ்சாயத்தின் வேலை என்றானது. நம் அரசு 2021 ஆகஸ்டில் மக்களைத் தேடி மருத்துவத்தைத் தொடங்கி, மாத்திரையையும் இயன்முறை சிகிச்சையையும் வீட்டு வாசல் வரை கொண்டுவந்தது. அதே ஊழியர் கையில் ஒரு இரவல் பதிவேட்டையும் கொடுக்க என்ன தடை?

நம் கோரிக்கை இதுதான். கோவில்பட்டி அரசு மருத்துவமனையிலும் ஒவ்வொரு ஆரம்ப சுகாதார நிலையத்திலும் ஒரு இரவல் அறை வேண்டும். யார் கொடுத்தாலும் பொருள் அங்கே போக வேண்டும். கொடுத்தவர் பெயர் பொருளில் இருக்கக் கூடாது. பதிவேட்டில் மருத்துவர் சீட்டு, வாங்கிய தேதி, திருப்பிய தேதி. சாதி, தெரு கிடையாது. கழுவவும் சோதிக்கவும் சம்பளத்துக்கு ஆள் வேண்டும். அந்த வேலையையும் நம் தெருப் பெண்கள் தலையில் ஒப்பந்தக் கூலிக்குக் கட்டக் கூடாது.

நம் தோழர்களுக்கும் ஒன்று. அதுவரை நாமே மன்றத்தில் நாலு வாக்கர், இரண்டு ஏர் பெட் சேர்த்து வைப்போம். ஆனால் நமக்கு மட்டும் என்று பூட்டி வைக்க வேண்டாம். "எல்லாத் தெருவுக்கும் இரவல்" என்று எழுதி ஊர் மந்தையில் ஒட்டுவோம். நாம் கழுவிக் கொடுக்கும் படுக்கையில் ஊர்த்தெரு நோயாளி படுக்க வரட்டும். தயங்கினால், யாருக்கு நோய் முற்றியிருக்கிறது என்பதை ஊரே பார்த்துக்கொள்ளட்டும்.

திருப்பித் தருவதற்கு நமக்கு உரிமை வேண்டும். திரும்ப வாங்கிக்கொள்ள அவர்கள் பழக வேண்டும்.

ஜெய் பீம்.